கணிப்பொறியின் மறுமொழி யாருக்கு?

வாழ்த்துத் தந்தி அனுப்பிய அனுபவம் உங்களுள் மூத்தவர்கள் பலருக்கு இருக்கும். தந்தி அலுவலகத்தில் வாழ்த்து வாக்கியங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. தீபாவளி வாழ்த்துக்கு ஓர் எண், திருமண வாழ்த்துக்கு வேறோர் எண், தேர்வில் வெற்றி பெற்றவரைப் பாராட்ட மற்றோர் எண் என்று ஒவ்வொரு வாக்கியத்திற்கும் எண் கொடுத்திருந்தனர். நாம் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும். கம்பியில் சென்றது அந்த எண்தான். போய்ச் சேர்ந்த ஊரில் அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தை எழுதி, உரியவரிடம் சேர்த்தனர். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால், செய்தியின் பொருளை ஓர் எண்ணிலும், அதைச் சொல்லும் சொற்களை வேறோர் இடத்திலும் வைக்கும் அந்த ஏற்பாடு கணிப்பொறித் துறையிலும் தோன்றியது; பன்முறை மறக்கப்பட்டது; மறந்தவர்கள் அதற்கு விலையும் கொடுத்தனர். அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். கணிப்பொறி நிரல் ஒன்று ஒரு வேலையைச் செய்து முடித்ததும் நமக்கு ஏதேனும் ஒரு மறுமொழி தருகிறது. 'பணம் மாற்றப்பட்டது' என்கிறது; அல்லது 'உங்கள் கணக்கில் போதிய பணம் இல்லை' என்கிறது. இந்த மறுமொழியைப் படிப்பவர் யார்? நாம்தான் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அது பாதிதான் சரி. அதே மறுமொழியை வேறொரு நிரலும் வாங்கிப் படித்து, அடுத்து என்ன செய்வதென்று முடிவு செய்யக் கூடும். மனிதருக்கு வாக்கியம் தெளிவாக இருக்க வேண்டும். நாளைக்கு அதை இன்னும் தெளிவாக மாற்றி எழுதினால் அவருக்கு மகிழ்ச்சியே. பொறியின் நிலை அப்படியன்று. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் அதற்கு, ஒரு புள்ளி கூடினாலும் அது வேறு வாக்கியம். ஒரே மறுமொழியைக் கொண்டு இவ்விருவரையும் நிறைவு செய்வது எப்படி?

இக்கேள்வியை மிகத் தெளிவாகச் சந்தித்தவர்கள், இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டை அமைத்தவர்கள். 1969-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தப் பிணையத்தில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத கணிப்பொறிகள் இணைந்திருந்தன. ஓரிடத்தில் ஐ.பி.எம். 360, மற்றோரிடத்தில் பி.டி.பி.-10, மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மல்டிக்ஸ். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளை அனுப்ப ஒரு பொது நெறிமுறை தேவைப்பட்டது. அதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணியில் 1965-இல் பட்டம் பெற்று மசாசூசெட்ஸுக்குப் படிக்கச் சென்றவர் இவர். பிணையத்தார் தமக்குள் சுற்றுக்கு விட்ட 'ஆர்.எஃப்.சி.' என்னும் ஏடுகளின் வரிசையில் அது 114-ஆம் ஏடு. 1972 ஜூலையில் அவர் வெளியிட்ட 354-ஆம் ஏட்டில் கோப்பு மாற்று நெறிமுறை, அதாவது எஃப்.டி.பி., விரிவான வடிவம் பெற்றது. அதில் மறுமொழி ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண் ஒன்றும், அதன் பின்னே ஒரு சொற்றொடரும் இருந்தன.

எண்ணும் சொல்லும் சேர்ந்தே வந்தன என்பதைக் கவனியுங்கள். அக்காலத்தில் மறுமுனையில் பல வேளைகளில் மனிதரே உட்கார்ந்து, ஆணைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். சில வேளைகளில் அவர் இருந்த இடத்தில் ஒரு நிரல் இருந்தது. யார் இருக்கிறார் என்று அனுப்பும் பொறிக்குத் தெரியாது. ஆகவே இருவருக்கும் உரியதை ஒரே வரியில் அனுப்பிவிட்டனர்.

ஆனால் எண்ணைக் கண்டவுடன் வெற்றியா தோல்வியா என்று ஒரு நிரல் எளிதில் முடிவு செய்யும்படி அந்த எண்கள் ஒழுங்குபடவில்லை. 1974-இல் ஜான் போஸ்டல் என்பவரின் பெயரில் வெளியான 640-ஆம் ஏடு இதைச் சீர்படுத்தியது. இந்த ஏட்டின் திறமையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது தகும். முதல் இலக்கம் முடிவைச் சொல்கிறது. 2 என்றால் வேலை முடிந்தது. 3 என்றால் இதுவரை சரி, மேலும் ஏதோ தர வேண்டும்; கடவுச்சொல் கேட்பது போல. 4 என்றால் இப்போது முடியவில்லை, பிறகு இதே ஆணையை மீண்டும் தரலாம். 5 என்றால் முடியாது. அப்படியே மீண்டும் கேட்பதில் பயனில்லை. இரண்டாம் இலக்கம் எதைப் பற்றிய மறுமொழி என்று காட்டுகிறது. மூன்றாவது, நுணுக்கத்தைச் சொல்கிறது. அவசரப்படும் நிரல் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலே செல்லலாம்.

சொற்றொடரைப் பற்றி இந்த நெறிமுறையினர் வகுத்த விதி இன்னும் முக்கியமானது. எண்ணிலேயே போதிய விவரம் உண்டு. எனவே நிரல் சொற்களை ஆராய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடலாம், அல்லது மனிதரிடம் காட்டலாம். சொற்கள் பொறிக்குப் பொறி வேறுபடலாம். இதனால் ஒவ்வொரு நிலையத்தாரும் தம் விருப்பம்போல் வாக்கியத்தை எழுதிக்கொள்ளும் உரிமை பெற்றனர். எந்த நிரலும் இதனால் பழுதுபடவில்லை.

இதன் பயனை மின்னஞ்சலில் காணலாம். 1982 ஆகஸ்டில் போஸ்டல் எழுதிய 821-ஆம் ஏடு அஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்.எம்.டி.பி.யை வகுத்தபோது அதே மூன்று இலக்க முறையையே எடுத்துக்கொண்டது. நீங்கள் ஒருவருக்கு அஞ்சல் அனுப்புகிறீர்கள். அவருடைய பெட்டி அந்நேரம் வேறு வேலையில் சிக்கியிருந்தால் மறுமொழி 450. அனுப்பும் பொறி காத்திருந்து மீண்டும் முயலும். அப்படி ஒரு பெட்டியே இல்லையென்றால் 550. உடனே அஞ்சலை உங்களுக்கே திருப்பிவிடும். உங்கள் கடிதம் காத்திருப்பதும் திரும்பி வருவதும் ஓர் இலக்கத்தில் அடங்கியிருக்கின்றன. மறுமுனையின் வாக்கியம் எந்த மொழியில் இருந்தாலும் அனுப்பும் பொறிக்குக் கவலையில்லை. உலகளாவிய வலைக்கும் இம்மரபே சென்றது. 404 என்ற எண்ணை இன்று கணிப்பொறி அறியாதவரும் அறிவர். பொறிக்கென்று வைத்த எண் மனிதரின் பேச்சுவழக்கில் சேர்ந்தது ஒரு வேடிக்கை. வலை நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு 2015-இல் வந்தபோது எண்ணோடு வந்துகொண்டிருந்த சொற்றொடரை அறவே நீக்கிவிட்டனர். நீக்கியும் எண்ணை நம்பியிருந்த நிரல்கள் தொடர்ந்து நடந்தன.

யூனிக்ஸ் இயக்க முறைமையிலும் இதற்கொரு சுவையான சான்று உண்டு. அதில் ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண். 25-ஆம் எண், முனையங்களுக்கு மட்டுமே உரிய ஓர் ஆணையை முனையமல்லாத ஒன்றுக்குக் கொடுக்கும்போது வருவது. யூனிக்ஸ் தோன்றிய நாளில் முனையம் என்றால் தட்டச்சுப் பொறிதான். ஆகவே அதற்கு எழுதிய வாக்கியம் 'இது தட்டச்சுப் பொறியன்று' என்னும் பொருளுடையது. அஞ்சல் அனுப்ப முயன்று தோற்றவர்களுக்குக் கூட, முன்பு எங்கோ நேர்ந்து அழியாமல் கிடந்த 25-ஐ நிரல் எடுத்துக் காட்டியதால், 'தட்டச்சுப் பொறியன்று' என்ற மறுமொழி கிடைத்ததுண்டு. அவர்கள் எவ்வளவு குழம்பியிருப்பார்கள்! பிற்காலத்தில் லினக்ஸ் முதலியவற்றில் அந்த வாக்கியத்தை மாற்றிவிட்டனர். எண் இன்னும் 25-தான். எண்ணைப் பார்த்து நடந்த நிரல்களுக்கு வாக்கியம் மாறிய செய்தியே தெரியாது.

சோதனைகள் வந்தன

இவ்வளவு தெளிவாக 1974-இலேயே கண்ட ஓர் உண்மையை மறக்கச் செய்தது எது? வியப்பாக இருக்கும், நிரல்களைப் பிழையின்றி எழுத வேண்டும் என்ற நல்ல நோக்கமே அதற்குப் பெரும் காரணங்களுள் ஒன்றாயிற்று.

பெரிய நிரல் பல சிறு செயற்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு செயற்கூற்றையும் தனியே எடுத்து, 'இதைக் கொடுத்தால் இது வர வேண்டும்' என்று மற்றொரு சிறு நிரலால் சரிபார்ப்பதை அலகுச் சோதனை என்பர். கென்ட் பெக் என்ற அமெரிக்கர் ஸ்மால்டாக் மொழிக்காக இத்தகைய சோதனைக் கருவி ஒன்றை உருவாக்கினார். 1997-இல் அவரும் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்கு ஒரு மாநாட்டிற்காகச் செல்கையில், விமானத்தில் அமர்ந்தபடியே, ஜாவா மொழிக்கு அதே போன்ற கருவியை எழுதினர். அதுதான் ஜேயூனிட். பிறகு ஏறத்தாழ எல்லா மொழிகளுக்கும் அதன் உறவினங்கள் தோன்றின. ஒரு பொத்தானை அழுத்தினால் நூற்றுக்கணக்கான சோதனைகள் ஓடும். எல்லாம் சரியென்றால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு.

இக்கருவியில் எல்லாவற்றிலும் எளிதானது 'எதிர்பார்த்ததும் கிடைத்ததும் ஒன்றா?' என்று ஒப்பிடுவது. செயற்கூறு ஒரு வாக்கியத்தைத் திருப்பித் தந்தால், அந்த வாக்கியத்தை அப்படியே படியெடுத்துச் சோதனையில் ஒட்டிவிடலாம். அரை நிமிட வேலை. சிக்கல் அங்கேதான் நுழைந்தது.

நாம் முன்பு பார்த்த வங்கி நிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பணம் எடு' என்ற செயற்கூறு, இருப்பு போதவில்லையென்றால் 'உங்கள் கணக்கில் போதிய பணம் இல்லை' என்ற வாக்கியத்தைத் தருகிறது. இருபது சோதனைகள் இந்த வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து எதிர்பார்க்கின்றன. ஒரு நாள் வங்கியார் 'பணம்' என்பதை 'இருப்பு' என்று மாற்றச் சொல்கின்றனர். கணக்கிடும் முறையில் மாற்றம் ஒன்றுமில்லை. ஆனாலும் இருபது சிவப்பு விளக்குகள் எரிகின்றன. நிரலர் இருபது இடங்களில் சொல்லை மாற்றி விளக்கை அணைக்கிறார். இது மாதம் ஒருமுறை நடந்தால், சிவப்பு விளக்கைக் கண்டதும் காரணம் தேடாமல் சோதனையையே மாற்றிவிடும் பழக்கம் வந்துவிடும். உண்மையான பிழை வரும் நாளிலும் அவர் கை அதையேதான் செய்யும். ஜெரார்ட் மெஸ்ஸாரோஸ் 2007-இல் வெளியிட்ட சோதனை முறைகள் பற்றிய நூலில் இவ்வகைக்கு 'எளிதில் நொறுங்கும் சோதனை' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார்.

சரி, முழு வாக்கியத்தைப் பாராமல் ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். 'இல்லை' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கலாமே? பார்க்கலாம். ஆனால் செயற்கூறு தவறிப்போய் 'அப்படிப்பட்ட கணக்கு இல்லை' என்று சொன்னாலும் சோதனை பச்சை காட்டும். நொறுங்காத சோதனை கிடைத்தது. பிழையைப் பிடிக்கும் சோதனைதான் போய்விட்டது.

இவற்றையெல்லாம்விடக் கேடான விளைவு ஒன்று உண்டு. வாக்கியத்தைத் தொட்டால் இருபது சோதனைகள் உடையும் என்றால் யாரும் வாக்கியத்தைத் தொடமாட்டார்கள். பயனர் புரியாமல் தவிக்கும் மறுமொழி அப்படியே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடும்.

இது கற்பனை அச்சமன்று. கூகுள் நிறுவனத்தில் உருவாகி 2012-இல் முதற் பதிப்பு வெளிவந்த 'கோ' மொழியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. மூடப்பட்ட பிணைய இணைப்பை ஒரு நிரல் பயன்படுத்த முயன்றால், அம்மொழியின் நூலகம் பிழை வாக்கியம் ஒன்றைத் தந்தது. அந்தப் பிழைக்குத் தனி அடையாளம் எதுவும் வெளியே கிடைக்கவில்லை. நிரலர்களோ இதை மற்றப் பிழைகளிலிருந்து பிரித்தறிய வேண்டியிருந்தது. வேறு வழியின்றி வாக்கியத்திற்குள் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று தேடினர். உலகெங்கும் நிரல்கள் இப்படித் தேடத் தொடங்கியதும், நூலகத்தார் தம் வாக்கியத்தையே மாற்ற முடியாமல் மாட்டிக்கொண்டனர். நிரல்கள் இந்தச் சொற்களைத் தேடுகின்றன, ஆகவே இவ்வரியை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று மூல நிரலிலேயே குறிப்பும் எழுதி வைத்தனர். 2019-இல் வந்த 1.13-ஆம் பதிப்பில், பிழையைச் சொற்களால் அன்றி அடையாளத்தால் ஒப்பிடும் பொதுவழி பிறந்தது. மூடிய இணைப்புக்கென்று தனி அடையாளம் 2021 பிப்ரவரியில், 1.16-ஆம் பதிப்பில்தான் வந்தது. ஒரு சிறு வாக்கியத்திற்கு ஒன்பது ஆண்டுகள்!

தமிழில் மறுமொழி வேண்டுமானால்

தமிழில் கணிப்பொறியோடு பேச விரும்பும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. வாக்கியத்தைக் கொண்டே நிரல் முடிவெடுக்கும் என்றால், அந்த வாக்கியத்தைத் தமிழாக்கிய மறுநிமிடமே நிரல் கெட்டுவிடும். யூனிக்ஸ் வழி வந்த பல கருவிகளின் சோதனைத் தொகுப்புகள், தொடங்கும்போதே பொறியின் மொழி அமைப்பை 'சி' எனப்படும் இயல்பு நிலைக்கு மாற்றிக்கொள்கின்றன. அந்நிலையில் மறுமொழிகள் மொழிபெயர்க்கப்படாமல் ஆங்கிலத்திலேயே வரும். சோதனைக்கு அது வசதி. அதே கருவி தமிழில் பேசும்போது சரியாகப் பேசுகிறதா என்று பார்க்கும் வேலை மட்டும் அதில் விடுபட்டுப்போகிறது.

மொழிபெயர்ப்புக்கான கருவிகளிலும் எண்ணா சொல்லா என்ற வழக்கு நடந்தது. 1980-களின் பிற்பகுதியில் எக்ஸ்/ஓப்பன் என்ற கூட்டமைப்பு வகுத்த முறையில் வாக்கியங்களுக்கு எண் இருந்தது. நிரலர்களுக்கு அது வறட்சியாகப் பட்டது. குனு திட்டத்தார் 1995-இல் வெளியிட்ட 'கெட்டெக்ஸ்ட்' கருவியில் ஆங்கில வாக்கியமே அடையாளமாயிற்று. எழுத மிக எளிது. பெரும் புகழும் பெற்றது. ஆனால் ஆங்கில வாக்கியத்தில் ஒரு சொல்லைத் திருத்தினால், அதற்குரிய தமிழ் வாக்கியம் 'ஐயத்திற்குரியது' என்று குறிக்கப்பட்டு, யாரேனும் பார்த்துச் சரி சொல்லும் வரையில் பயன்பாட்டிலிருந்து ஒதுங்கி நிற்கும்.

வாக்கியத்தைத் துண்டு துண்டாக ஒட்டும் பழக்கமும் தமிழுக்கு ஆகாது. ஆங்கிலத்தில் 'திறக்க இயலவில்லை' என்ற பகுதி முன்னே வர, கோப்பின் பெயரை அதன் பின்னே ஒட்டினால் முடிந்தது. தமிழிலோ பெயர் முன்னே வர வேண்டும்; வேற்றுமை உருபு அதன்பின் வர வேண்டும்; வினை இறுதிக்குப் போக வேண்டும். இரண்டு துண்டுகளைப் பெற்ற மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார், பாவம்! முழு வாக்கியமும் அதில் நிரப்ப வேண்டிய இடமும் அவர் கைக்கு வர வேண்டும்.

இனி நம் வங்கிச் செயற்கூற்றைத் திருத்தி எழுதுவோம். 'பணம் எடு' இனி வாக்கியம் எதையும் தராது. 'இருப்புக் குறைவு' என்ற அடையாளத்தையும், இருப்பு 400, கேட்ட தொகை 500 என்ற விவரங்களையும் மட்டும் தரும். சோதனை இம்மூன்றையும் பார்க்கும். திரைக்கு அருகில் வேறொரு செயற்கூறு நின்று, அடையாளத்தையும் விவரங்களையும் வாங்கி, 'உங்கள் கணக்கில் 400 ரூபாய் மட்டுமே உள்ளது. 500 ரூபாய் எடுக்க இயலாது' என்று எழுதும். அதற்கும் சோதனை உண்டு. ஒவ்வோர் அடையாளத்திற்கும் ஒவ்வொரு மொழியிலும் வாக்கியம் இருக்கிறதா, 400-உம் 500-உம் உரிய இடத்தில் வந்தனவா என்று அது பார்க்கும். புதிய அடையாளத்தைச் சேர்த்தவர் தமிழ் வாக்கியத்தை எழுத மறந்தால் அந்தச் சோதனை சிவப்பு காட்டும். மற்றபடி வாக்கியத்தை எவ்வளவு அழகாக்கினாலும் கணக்கிடும் பகுதியின் சோதனைகள் அசையமாட்டா.

சிலர் இவ்வளவு மாற்றம் செய்யாமல், வாக்கியத்தை ஓரிடத்தில் பெயரிட்டு வைத்து, செயற்கூறும் சோதனையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி செய்வர். பழைய நிரலில் அவசரத்திற்கு இது உதவும். ஆனால் எண்களை நிரப்பும் வேலையும் அதே இடத்தில் நடந்தால், 400-க்குப் பதில் 500 நுழைந்த பிழை இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். சோதனை அதைக் காணாது.

எத்தனை அடையாளங்கள் வைப்பது? இங்கே 640-ஆம் ஏட்டை மீண்டும் நினைத்துக்கொள்வது நல்லது. கேட்பவர் வெவ்வேறாக நடந்துகொள்ள வேண்டிய நிலைகளுக்குத்தான் வெவ்வேறு அடையாளம் தேவை. ஒவ்வொரு வாக்கியத்திற்கும் ஓர் அடையாளம் என்று பெருக்கினால், பழைய சிக்கலே புதிய உருவில் வந்துவிடும். ஒரு முறை வெளியே கொடுத்த அடையாளத்தைப் பிறகு வேறு பொருளுக்குப் பயன்படுத்தவும் கூடாது.

வாக்கியமே விளைபொருளாக இருக்கும் இடங்களும் உண்டு. ரஸ்ட் மொழியின் தொகுப்பி, நிரலர் செய்த தவறு எங்கே, என்ன, எப்படித் திருத்தலாம் என்று விரிவாகச் சொல்வதால் பெயர் பெற்றது. அதன் பிழைகளுக்கும் எண் உண்டு. வகை பொருந்தாமையின் அடையாளம் 'ஈ0308'. ஆயினும் அதை உருவாக்குவோர் எண்ணோடு நின்றுவிடவில்லை. தொகுப்பி எழுதும் மறுமொழி முழுவதையும் கோப்புகளில் சேமித்து வைத்து, ஒவ்வொரு மாற்றத்தின் போதும் வரிக்கு வரி ஒப்பிடுகின்றனர். வாக்கியம் மாறினால் நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒரே நேரத்தில் பொருந்தாமல் போகும். அவற்றையெல்லாம் புதிய வாக்கியத்திற்கு மாற்றிக்கொடுக்க ஓர் ஆணை உண்டு. அதன் பெயர் 'பிளெஸ்', அதாவது ஆசி வழங்கு. எழுதும் வேலையைப் பொறி செய்துவிடுகிறது. பழைய வாக்கியத்தையும் புதிய வாக்கியத்தையும் அருகருகே வைத்துப் படித்து, எது நன்றாகப் புரிகிறது என்று பார்க்கும் வேலை மட்டும் மனிதரிடம் இருக்கிறது.